நீலப்பறவையின் சாரதி: டொனால்ட் கெம்பலின் வாழ்வும் முடிவும்

புகழ்பெற்ற தந்தைக்கு மகனாகப் பிறப்பது பெரும்பேறு என்று உலகம் சொல்லும். அப்பேறு எத்துணை பாரமானது என்பதைச் சுமந்தவர்களே அறிவர். தந்தை ஏறிய மலையின் உச்சியில் நின்றுகொண்டு, தான் ஏறுவதற்கு வேறொரு மலையைத் தேட வேண்டிய நிலை மைந்தனுக்கு ஏற்படுகின்றது. தேடிக் கண்டடைந்தாலும் தந்தையின் பெயராலேயே அவன் அளக்கப்படுகின்றான். நிலத்திலும் நீரிலும் உலக வேகச் சாதனைகளை நிலைநாட்டிய பிரித்தானியரான டொனால்ட் கெம்பலின் வாழ்க்கை இத்தகையதொரு வாழ்க்கையாகும்.

1967ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி காலை இங்கிலாந்தின் வடமேற்கே அமைந்துள்ள கொனிஸ்டன் ஏரியில் அவர் உயிரிழந்தபோது அவருக்கு வயது 45. அரை நூற்றாண்டுக்கும் மேலான காலம் கடந்துவிட்டது. ஆயினும், நீர்மட்டத்திலிருந்து மேலெழுந்து, பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து, நீரில் மோதிச் சிதறிய நீலநிறப் படகின் காட்சி இன்றும் உலகெங்கும் காண்பிக்கப்பட்டு வருகின்றது. அந்தச் சில வினாடிகளைக் கண்டவர்கள் பலர். அதற்கு முன்னிருந்த பதினெட்டு வருட உழைப்பையும் காத்திருப்பையும் அறிந்தவர்கள் சிலரேயாவர்.

தந்தையின் நிழல்

டொனால்ட் மல்கம் கெம்பல் 1921ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி இங்கிலாந்தின் சரே பிராந்தியத்திலுள்ள கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையாரான மல்கம் கெம்பல் செல்வந்தர். மோட்டார் பந்தயங்களில் பெயர் பெற்றவர். 1924ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் பென்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 146.16 மைல் வேகத்தில் காரைச் செலுத்தி முதலாவது நில வேகச் சாதனையைப் படைத்த அவர், 1935ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பொனவில் உப்புத்தரையில் மணிக்கு 300 மைல் எல்லையைக் காரில் கடந்த முதல் மனிதரானார். நிலத்தில் ஒன்பது, நீரில் நான்கு என மொத்தம் பதின்மூன்று உலக சாதனைகள் அவர் பெயரில் பதிவாகின. 1931இல் பிரித்தானிய மன்னர் அவருக்கு 'சேர்' பட்டம் வழங்கிக் கௌரவித்தார்.

மல்கம் கெம்பல் தமது வாகனங்கள் அனைத்திற்கும் ஒரே பெயரைச் சூட்டினார். பெல்ஜிய எழுத்தாளர் மோரிஸ் மேட்டர்லிங் எழுதிய 'நீலப்பறவை' என்னும் நாடகத்தைப் பார்த்துக் கவரப்பட்ட அவர், தமது காரை நீலவர்ணம் தீட்டி 'புளூபேர்ட்' என்று அழைத்தார். மனிதர் தேடித் தேடி அலையும் மகிழ்ச்சியின் குறியீடே அந்நாடகத்தின் நீலப்பறவை. தந்தையும் மகனும் ஆளுக்கொரு விதமாக அப்பறவையைத் துரத்தினர் என்று சொன்னால் அது மிகையாகாது.

வீட்டில் தந்தை கண்டிப்பானவர். மகனின் மீது அன்பு இல்லாதவர் அல்லர். ஆயின் அந்த அன்பைக் காட்டத் தெரியாதவர். சிறுவன் டொனால்டுக்கோ தந்தையே உலகம். பள்ளிப் பருவத்தில் மூட்டுவாதக் காய்ச்சல் அவரைத் தாக்கியது. இரண்டாம் உலகப்போர் மூண்டதும் விமானப்படையில் விமானியாகச் சேர விரும்பிச் சென்றவரை, அந்நோயின் பழைய வரலாற்றைக் காரணம் காட்டி அதிகாரிகள் திருப்பி அனுப்பினர். தம் வயதொத்த இளைஞர்கள் வானில் போரிட்டு மடிந்த காலத்தில் அவர் தொழிற்சாலையொன்றில் பராமரிப்புப் பொறியியலாளராகப் பணியாற்றினார். துணிவை நிரூபிக்கும் வாய்ப்புத் தமக்கு மறுக்கப்பட்டது என்ற ஏக்கம் அவரது பிற்கால வாழ்வில் பங்கு வகித்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

1948ஆம் ஆண்டின் இறுதி நாளான டிசம்பர் 31இல் சேர் மல்கம் கெம்பல் காலமானார். அதன்பின் சில வாரங்களுக்குள், அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர் மல்கமின் நீர் வேகச் சாதனையை முறியடிக்க ஆயத்தமாகின்றார் என்ற செய்தி மகனின் காதுக்கு எட்டியது. 1939இல் கொனிஸ்டன் ஏரியில் மணிக்கு 141.74 மைல் வேகத்தில் நிலைநாட்டப்பட்ட சாதனை அது. தந்தையின் இறுதிச் சாதனையை அந்நியர் பறித்துச் செல்லலாகாது என்ற எண்ணமே டொனால்டை இத்துறைக்குள் இழுத்து வந்தது. அதற்குமுன் வேகச் சாதனை எதிலும் அவர் ஈடுபட்டதில்லை. தந்தையின் படகையும் அவர் பணம் கொடுத்தே பெற வேண்டியிருந்தது.

தந்தையிடமிருந்து அவருக்கு விலையின்றிக் கிடைத்த ஒரேயொரு சொத்து லியோ வில்லா எனும் மனிதர். மல்கம் கெம்பலின் தலைமை இயந்திர வல்லுநராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்த வில்லா, டொனால்டைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்தவர். தந்தைக்குச் செய்த பணியை மகனுக்கும் செய்ய அவர் முன்வந்தார். இறுதி நாள் வரை அவர் விலகவில்லை. சாதனையாளரின் பெயரே வரலாற்றில் பொறிக்கப்படுகின்றது. அவரது இயந்திரத்தின் ஒவ்வோர் ஆணியையும் முடுக்கிவிட்ட கைகள் மறக்கப்படுகின்றன. கெம்பலின் கதையைச் சொல்பவர்கள் வில்லாவை மறந்து சொல்வது நியாயமாகாது.

நீரின் சுவர்

ஆரம்ப முயற்சிகள் தோல்வியிலேயே முடிந்தன. 1950ஆம் ஆண்டு அமெரிக்கரான ஸ்டான்லி சேயர்ஸ் மணிக்கு 160.32 மைல் வேகத்தை எட்டி மல்கமின் சாதனையை முறியடித்தார். 1951இல் தந்தையின் பழைய படகு கொனிஸ்டனில் ஓடிக்கொண்டிருந்த வேளையில் உடைந்து பயனற்றுப் போனது.

அக்காலத்தில் நீரில் மணிக்கு 200 மைல் என்பது கடக்கவியலாத சுவராகக் கருதப்பட்டது. இதற்குத் தக்க காரணமும் இருந்தது. பெரும் வேகத்தில் செல்லும் படகுக்கு நீர் என்பது மென்மையான திரவமன்று, கற்பாறைக்கு ஒப்பானது. மேற்பரப்பில் எழும் சிற்றலையும் படகின் மூக்கை உயர்த்தக்கூடியது. மூக்கு சில பாகைகள் அதிகமாக உயர்ந்தாலோ, அடியில் புகும் காற்று படகை விமானம் போல் தூக்கி எறிந்துவிடும். நீரோடு மிக நெருங்கினால் தடை கூடும்; நீரைவிட்டு விலகினால் கட்டுப்பாடு இழக்கப்படும். இவ்விரண்டுக்கும் இடையிலான மயிரிழையில் ஓடுவதே இக்கலை.

1952ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் லொக் நெஸ் ஏரியில் ஜோன் கொப் என்பவர் ஜெட் இயந்திரம் பொருத்திய படகில் 200 மைலைத் தாண்டிச் சென்றபோது படகு சிதறி உயிரிழந்தார். 1947இல் மணிக்கு 394.20 மைல் வேகத்தில் நில வேகச் சாதனையை நிலைநாட்டியிருந்தவர் அவர். 1954இல் இத்தாலியரான மரியோ வேர்கா இதேவகையில் மடிந்தார். ஜோன் கொப்பின் மரணம் கெம்பலைப் பின்வாங்கச் செய்யவில்லை. மாறாக, தந்தையின் பழைய படகைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதை உணர்த்தியது.

கென், லூ என்ற நொறிஸ் சகோதரர்கள் இருவரும் அவருக்காகப் புதிய படகொன்றை வடிவமைத்தனர். முழுவதும் உலோகத்தாலான, ஜெட் இயந்திரத்தால் உந்தப்படும் 'புளூபேர்ட் கே7' அவ்வாறே உருவாயிற்று. முன்புறம் இரு மிதவைகள், பின்புறம் ஒரு புள்ளி என மூன்று இடங்களில் மட்டுமே அது நீரைத் தொட்டது. 1955ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி அல்ஸ்வோட்டர் ஏரியில் மணிக்கு 202.32 மைல், அதாவது சுமார் 325 கிலோமீற்றர் வேகத்தில் அப்படகு ஓடியது. சுவர் உடைந்தது. அதே வருடம் நவம்பரில் அமெரிக்காவின் மீட் ஏரியில் அவ்வேகம் 216.20 மைலாக உயர்ந்தது. பின்னர் 1956 தொடக்கம் 1959 வரை ஆண்டுக்கொரு முறையாக நான்கு சாதனைகள் கொனிஸ்டன் ஏரியில் நிகழ்ந்தன. 1959 மே மாதத்தில் எட்டப்பட்ட வேகம் மணிக்கு 260.35 மைல். 1957இல் பிரித்தானிய அரசின் சீ.பீ.ஈ. விருது அவருக்குக் கிடைத்தது.

வேகச் சாதனைக்கான விதி ஒன்றை வாசகர்கள் இங்கு மனங்கொள்ள வேண்டும். ஒருமுறை ஓடினால் அது சாதனையாகாது. அளந்து குறிக்கப்பட்ட தூரத்தை ஒரு திசையில் ஒருமுறையும், எதிர்த்திசையில் மறுமுறையும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இரண்டின் சராசரியே சாதனையாகக் கொள்ளப்படும். முதல் ஓட்டத்தில் படகு எழுப்பிய அலைகள் அடங்கும் வரை காத்திருந்து திரும்புவதே வழமை. இவ்விதியும் இவ்வழமையும் கெம்பலின் முடிவோடு நெருங்கிய தொடர்புடையன.

உப்புத்தரையும் மழையும்

நீரில் வென்றவரின் பார்வை நிலத்தின் மீது திரும்பியது. தந்தை ஒன்பது முறை வென்ற களம் அது. பிரித்தானியாவின் பல நிறுவனங்கள் கூடிப் பொருளும் உழைப்பும் வழங்க, நொறிஸ் சகோதரர்களின் வடிவமைப்பில் 'புளூபேர்ட் சி.என்.7' எனும் கார் உருவானது. விமானங்களில் பயன்படும் புரோட்டியஸ் வாயுச் சுழலி இயந்திரத்தின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைவலு, அதன் நான்கு சக்கரங்களையும் சுழற்றியது. மணிக்கு 500 மைல் வேகம் அதன் இலக்காக இருந்தது.

1960 செப்டெம்பர் 16ஆம் திகதி பொனவில் உப்புத்தரையில் மணிக்குச் சுமார் 360 மைல் வேகத்தில் சென்றபோது கார் தடம்மாறி, காற்றில் எகிறி உருண்டது. கெம்பலின் மண்டையோடு வெடித்தது, செவிப்பறை கிழிந்தது. அந்த வேகத்தில் விபத்துக்குள்ளாகி உயிர் தப்பியவர் எவரும் அதற்குமுன் இருக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவாறே அவர் மீண்டும் முயலத் தீர்மானித்தார். தொழிலதிபர் சேர் அல்பிரட் ஓவன் காரை மீளக் கட்டித்தர முன்வந்தார். ஆயினும் உடற்காயங்கள் ஆறிய அளவுக்கு மனக்காயம் ஆறவில்லை. இருளில் விழித்தெழும் இரவுகளும் காரணமற்ற நடுக்கமும் நெடுநாள் அவரைத் தொடர்ந்தன. தாம் அஞ்சுவதை அவர் மறைத்தவரல்லர். அச்சமின்மையையே வீரம் எனக் கொள்வோர் அவரது வாழ்வின் இப்பகுதியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அச்சத்தை அறிந்துகொண்டே ஆசனத்தில் அமர்ந்தவர் அவர்.

அடுத்த களமாக அவுஸ்திரேலியாவின் தென்பகுதியிலுள்ள எயர் ஏரி தெரிவு செய்யப்பட்டது. பெயரில்தான் ஏரி, பல வருடங்களாக மழையே காணாத பரந்த உப்புவெளி அது. 1963ஆம் ஆண்டு கெம்பலின் குழு அங்கு சென்று சேர்ந்ததும் மழையும் வந்து சேர்ந்தது. ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கியது. காரைக் காப்பாற்றிக் கரைசேர்ப்பதே பெரும்பாடாயிற்று.

மரத்திலிருந்து விழுந்தவனை மாடு ஏறி மிதித்த கதையாக, பத்திரிகைகள் அவரைத் தாக்கத் தொடங்கின. அவருக்கு ஓட மனமில்லை, மழை ஒரு சாட்டு என்று எழுதினர். காரை மீளக் கட்டித்தந்த சேர் அல்பிரட் ஓவனே பகிரங்கமாகக் குறைகூறினார். முதன்மை அனுசரணை நிறுவனம் விலகிக்கொண்டது. இதே காலத்தில், 1963 ஓகஸ்ட் மாதத்தில், கிரெய்க் பிரீட்லவ் என்ற அமெரிக்க இளைஞர் மூன்று சக்கரங்கள் கொண்ட ஜெட் வாகனத்தில் மணிக்கு 407.45 மைல் வேகத்தை எட்டினார். சக்கரங்களால் உந்தப்படாத அந்த வாகனத்தைக் கார் என ஏற்க சர்வதேச மோட்டார் சம்மேளனம் அப்போது மறுத்தது. ஆனால் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1964இல் கெம்பல் மீண்டும் எயர் ஏரிக்குச் சென்றார். அம்முறையும் மழை விடவில்லை. வாரங்கள் மாதங்களாகின. ஈரம் முற்றாக உலராத உப்புத்தரையில், ஜூலை 17ஆம் திகதி அவர் காரைச் செலுத்தினார். டயர்கள் தரையைக் கிழித்துப் பள்ளமாக்கின. சென்ற ஓட்டத்திலும் வந்த ஓட்டத்திலும் ஒரே வேகம் பதிவாயிற்று: மணிக்கு 403.10 மைல், அதாவது 648.73 கிலோமீற்றர். ஜோன் கொப்பின் பதினேழு வருடச் சாதனை முறியடிக்கப்பட்டது. 500 மைல் வேகத்திற்கென அமைக்கப்பட்ட கார் 403 மைலுடன் நின்றது அவருக்கு மனநிறைவைத் தரவில்லை. எனினும் அத்தகைய தரையில் அவ்வேகத்தை எட்டியது எத்துணை அரிய செயல் என்பதை அறிந்தோர் அறிவர்.

அவர் அங்கிருந்து நாடு திரும்பவில்லை. அதே ஆண்டுக்குள் நீர்ச் சாதனையையும் புதுப்பிக்க வேண்டுமென்ற உறுதியுடன் படகை அவுஸ்திரேலியாவுக்கு வரவழைத்தார். ஏரி ஏரியாக அலைந்தார். ஒவ்வொன்றிலும் காற்று ஓயவில்லை. இறுதியில் மேற்கு அவுஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரிக்கரையில் காத்துக் கிடந்தார். ஆண்டின் கடைசி நாள் பிற்பகல் காற்று அடங்கியது. 1964 டிசம்பர் 31ஆம் திகதி, தந்தை மறைந்த அதே திகதியில், மணிக்கு 276.33 மைல் வேகத்தில் ஏழாவது நீர்ச் சாதனை நிலைநாட்டப்பட்டது. புத்தாண்டு பிறக்கச் சில மணித்தியாலங்களே எஞ்சியிருந்தன. ஒரே ஆண்டில் நில, நீர் வேகச் சாதனைகள் இரண்டையும் படைத்தவர் இன்றுவரை அவரொருவரேயாவர். தந்தையாலும் இயலாதது அது.

மாறிய காலம்

வாழ்வின் உச்சத்தை அடைந்த அந்த வேளையிலேயே காலம் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. 1964 ஒக்டோபரில் அமெரிக்கரான ஆர்ட் ஆர்ஃபன்ஸ், பழைய போர்விமான ஜெட் இயந்திரத்தைத் தாமே திருத்திப் பொருத்திய காரில் மணிக்கு 434 மைலைத் தொட்டார். கால் மைல் நேர்கோட்டில் இரு கார்கள் போட்டியிடும் 'ட்ராக்' பந்தயக் களங்களில் வளர்ந்தவர் அவர். பெரும் நிறுவனங்களின் கூட்டணி எதுவும் அவருக்குப் பின்னால் இருக்கவில்லை. 1965 நவம்பரில் பிரீட்லவ் மணிக்கு 600 மைலைக் கடந்தார். அதே மாதத்தில் சக்கரங்களால் உந்தப்படும் கார்களுக்கான சாதனையையும் கலிபோர்னியாவின் சமர்ஸ் சகோதரர்கள் 409 மைல் வேகத்தில் தம்வசமாக்கினர். சி.என்.7 கார் பழம்பொருளாயிற்று. இன்று அது இங்கிலாந்தின் பியூலி நகரிலுள்ள தேசிய மோட்டார் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது.

கெம்பல் சோர்ந்துவிடவில்லை. ஒலியின் வேகத்தை மிஞ்சும் ரொக்கட் காரொன்றை அமைக்கும் திட்டத்தை 1965இல் அறிவித்தார். ஆனால் பொருளுதவி செய்வாரில்லை. விண்வெளிக்கு மனிதன் சென்று வந்துகொண்டிருந்த காலம் அது. ஏரியில் ஓடும் படகும் தரையில் ஓடும் காரும் மக்களின் கற்பனையை முன்போல் ஈர்க்கவில்லை. தம்மை மறந்துவரும் நாட்டின் கவனத்தை மீளப் பெற்றாலன்றிப் புதிய காருக்குப் பணம் கிடையாது என்பதை உணர்ந்த அவர், நீரில் மணிக்கு 300 மைல் என்னும் இலக்கை வரித்துக்கொண்டார்.

பன்னிரண்டு வயதை நெருங்கிக் கொண்டிருந்த கே7 படகு மீண்டும் வெளியே எடுக்கப்பட்டது. அதற்கு வலிமை மிக்க ஓர்பியஸ் இயந்திரம் பொருத்தப்பட்டது. 1965 இந்திய–பாகிஸ்தான் போரில் இந்திய விமானப்படை பயன்படுத்தியமையால் எமது பிராந்தியத்தில் பெயர் அறியப்பட்ட 'நாட்' ரக விமானங்களுக்குரிய இயந்திரமே அது. 1966 நவம்பர் தொடக்கத்தில் குழுவினர் கொனிஸ்டன் சென்றனர். வந்த நாள் முதல் தடங்கல்கள். சோதனையின்போது காற்று உள்வாங்கும் பகுதி நொறுங்கி இயந்திரத்தினுள் சென்றது. எரிபொருள் ஓட்டத்தில் கோளாறு ஏற்பட்டது. குளிரும் மழையும் காற்றும் ஏரியைக் கலக்கின. கூடியிருந்த பத்திரிகையாளர்கள் பொறுமை இழந்தனர். இவர் ஓடப்போவதில்லை என்ற பழைய பல்லவி மீண்டும் எழுந்தது.

கெம்பல் சகுனங்களில் ஆழ்ந்த நம்பிக்கை உடையவர். பச்சை நிறத்தை அண்டவிடமாட்டார். ஒவ்வொரு முயற்சியிலும் சிறிய பொம்மைக் கரடி ஒன்றைத் தம்முடன் எடுத்துச் செல்வார். இறுதி நாட்களின் இரவொன்றில் சீட்டாடியபோது தமக்கு வந்த சீட்டுகளைக் கண்டு, தம் குடும்பத்தில் ஒரு மரணம் நேரப்போவதாக அவர் கலங்கினார் என்று உடனிருந்தோர் பின்னர் தெரிவித்தனர். சீட்டுகள் எதிர்காலத்தை அறியா. ஆயின், பதினெட்டு வருடங்கள் மரணத்தின் அருகில் வாழ்ந்த ஒருவரின் மனம் எவ்வளவு களைத்திருந்தது என்பதை அந்தக் கலக்கம் காட்டுகின்றது.

காத்திருக்காத காலை

ஜனவரி 4ஆம் திகதி காலை ஏரி கண்ணாடி போல் அசைவற்றிருந்தது. ஒன்பது மணியளவில், வடக்கிலிருந்து தெற்கு நோக்கிய முதல் ஓட்டம் நிறைவுற்றது. சராசரி வேகம் மணிக்கு 297.6 மைல். திரும்பும் ஓட்டத்தில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சென்றால் 300 மைல் கைவசமாகும்.

வழமைப்படி அவர் தென்முனையில் நின்று, எரிபொருள் நிரப்பி, அலைகள் அடங்கக் காத்திருந்திருக்க வேண்டும். அவர் காத்திருக்கவில்லை. உடனடியாகப் படகைத் திருப்பினார். வேகம் மணிக்கு 320 மைலையும் தாண்டியது. படகின் மூக்கு மெல்ல உயர்ந்தது. முழுப் படகும் நீரைவிட்டு எழுந்து, காற்றில் பின்னோக்கிச் சுழன்று, தலைகீழாக ஏரியில் மோதியது. அளவிடப்படும் தூரத்தின் முடிவை அடைய இன்னும் சில நூறு யார்களே இருந்தன.

ஏன் காத்திருக்கவில்லை? பலர் பலவாறு விளக்கினர். எரிபொருள் நிரப்பும் நேரத்தில் காற்று எழுந்து ஏரி கலங்கிவிடும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். எரிபொருள் குறைந்த படகு இலேசாக இருப்பது வேகத்திற்கு உதவும் என்று கணித்திருக்கலாம். முதல் ஓட்டத்தின் அலைகள் படகைத் தூக்கினவா, இயந்திரம் இறுதிக் கணத்தில் வலுவிழந்து படகின் சமநிலையைக் கெடுத்ததா என்பதும் ஆராயப்பட்டது. 'பதறாத காரியம் சிதறாது' என்பர் எம்முன்னோர். இங்கு பதறியவர், மழை ஓய ஒரு வருடமும் காற்று ஓய ஒரு மாதமும் காத்திருக்கத் தெரிந்தவர். பொறுமையே அவரது தொழிலின் அரைப்பகுதி. அத்தகையவர் அந்தச் சில நிமிடங்களைப் பொறுக்க இயலாதவரானது ஏன் என்பதே எம்மைச் சிந்திக்க வைக்கும் வினா.

அவரது பொறுமையை எல்லோருமாகச் சேர்ந்து தின்று தீர்த்துவிட்டோம் என்பதே நேர்மையான விடையாக இருக்கக்கூடும். ஓடினால் பைத்தியக்காரன், ஓடாவிட்டால் கோழை என்று எழுதிய பத்திரிகைகளுக்கு அதில் பங்குண்டு. பத்திரிகைத் தொழிலில் உள்ளவன் என்ற வகையில் இதனை எழுதுகையில் எனக்குக் கூச்சமுண்டு. வென்றபோது விருந்து வைத்து, காத்திருந்தபோது கைவிட்ட அனுசரணையாளர்களுக்கும் பங்குண்டு. கரையில் நின்று கடிகாரம் பார்த்த கூட்டத்துக்கும் பங்குண்டு. ஆபத்தை விலைக்கு வாங்கிப் பார்க்கும் உலகம், அந்த ஆபத்து நேரும் வரை அலுப்போடு இருக்கின்றது. நேர்ந்த பின்னரே அஞ்சலி எழுதுகின்றது.

முப்பத்து நான்கு ஆண்டுகள்

கடற்படைச் சுழியோடிகள் தேடினர். பொம்மைக் கரடி மிதந்து வந்தது. சிதைந்த படகு ஏரியின் அடியில் கிடப்பது அறியப்பட்டது. கெம்பலின் உடல் கிடைக்கவில்லை. அதே மாதம் அவரது துணிவுக்கான அரச பாராட்டு அவர் இறந்த பின் வழங்கப்பட்டது.

2001 மார்ச் 8ஆம் திகதி, பில் ஸ்மித் என்ற சுழியோடியின் குழுவினர் கே7 படகை நீருக்கடியிலிருந்து மீட்டனர். மே மாதத்தில் உடலும் கண்டெடுக்கப்பட்டு மரபணுச் சோதனை மூலம் உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி, முதல் நாள் நிகழ்ந்த நியூயோர்க் தாக்குதலின் அதிர்ச்சியில் உலகம் உறைந்திருந்த வேளையில், கொனிஸ்டன் கிராமத்து மயானத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். மகள் ஜீனா கெம்பல் தந்தையைச் சிறுவயதில் அதிகம் காணக் கிடைக்காதவர். 1967இல் இருபது வயதில் அவரை இழந்தவர். 1984இல் அவரும் வேகப் படகில் ஏறிப் பெண்களுக்கான நீர் வேகச் சாதனையைப் படைத்தார். தந்தையின் நிழல் மூன்றாம் தலைமுறையிலும் தொடர்ந்தது.

மீட்கப்பட்ட படகு பல வருட உழைப்பின் பின் சீரமைக்கப்பட்டு, 2018 ஓகஸ்டில் ஸ்கொட்லாந்தின் பியூட் தீவிலுள்ள ஏரியொன்றில் மீண்டும் ஓடியது. உரிமை குறித்த நீண்ட பிணக்குத் தீர்ந்து, 2024ஆம் ஆண்டு மார்ச்சில் அது கொனிஸ்டனிலுள்ள ரஸ்கின் நூதனசாலையை வந்தடைந்தது.

கெம்பல் எட்டத் துடித்த 300 மைல் வேகத்தை அவுஸ்திரேலியரான கென் வோபி, தம் வீட்டு முற்றத்தில் கட்டிய படகில் 1978 ஒக்டோபரில் கடந்தார். மணிக்கு 317.6 மைல். கெம்பலைச் சிறுவயதில் நாயகனாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். அச்சாதனையை முறியடிக்க முயன்றவர்கள் உயிரிழந்தனர், சாதனை நிற்கின்றது. வோபியோ முதுமை எய்தி, 2023இல் மறைந்தார்.

எமது வீதிகளில் நள்ளிரவில் மோட்டார் சைக்கிள்களைச் சீறவிட்டுத் தம்மை வீரர் எனக் கருதும் இளைஞர்கள் உளர். அவர்களுக்குக் கெம்பலின் கதையைச் சொல்வோர், இறுதி வினாடிகளை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திவிடலாகாது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னால் வாரக்கணக்கான கணிப்பும் சோதனையும் இருந்தன. வேறெவரும் இல்லாத ஏரியிலும் ஆளற்ற உப்புவெளியிலும் தமது உயிரை மட்டுமே அவர் பணயம் வைத்தார். காற்று சற்று எழுந்தாலும் இறங்கிவந்து, ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு, நாளை பார்க்கலாம் என்று திரும்பிச் செல்லும் மனவலிமை அவருக்கு இருந்தது. அவரை எட்டு முறை உலக சாதனையாளராக்கியது அந்த மனவலிமையே. ஒருமுறை, ஒரேயொரு முறை, அது அவரைக் கைவிட்டது.

கொனிஸ்டன் ஏரியின் அலைகள் அன்று காலை தாமாகவே அடங்கியிருக்கும். அதற்குத் தேவைப்பட்டது சிறிது நேரம் மட்டுமே.